பாக்கெட்டின் மேல் இரண்டு எழுத்து

நான் தைத்த சட்டைகளுக்கு முதன்முதலில் வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இங்கிலீஷ் பெயர். லண்டனில் கடை வைத்திருப்பவள் மாதிரி ஒரு பெயர். அதற்கு மேல் ஒரு கிரீடம் வேறு. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹாடோ பகுதியில், தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில், ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து கிரீடம் வரைந்தேன் நான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்குச் சாத்தம் மர மில்லில் மார்க்கிங் வேலை. அறுத்து அடுக்கிய மரத்திலும் கப்பலில் ஏற்றுகிற பெட்டிகளிலும் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை தடவி அடையாளம் போடுவார். கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தபோது என்னோடு ஒரு தையல் மிஷினும் கப்பலேறி வந்தது. முதல் இரண்டு வருஷம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன். எனக்கு ஜாக்கெட் தைப்பது அறவே பிடிக்காது. கை இறுக்கம் என்பாள், கழுத்து இறக்கம் என்பாள், தன் உடம்பு பெருத்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பாய்தான் என்னை அதிலிருந்து மீட்டார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். பிள்ளைகளுக்கு அரைக்கைச் சட்டை தைத்துத் தந்தால் கடையில் வைத்து விற்கிறேன், துணி என்னுடையது என்றார். சட்டை என் இஷ்டம். காலர் எப்படி, பாக்கெட் எங்கே, பட்டன் எத்தனை, எல்லாம் நான் முடிவு செய்யலாம். என் வாழ்க்கையில் நானே யோசித்து நானே செய்த முதல் பொருள் அந்தச் சட்டைதான். ஆனால் பாய் ஒரு நிபந்தனை வைத்தார்.

"தங்கச்சி, லேபிள் இல்லாட்டி லோக்கல் தையல்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாக. காலருக்குள்ள கம்பெனி லேபிள் மாதிரி ஒண்ணு வேணும். நீ தச்சதுன்னு வெளிய மூச்சு விடப்படாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தீவில் நல்லது என்றால் அது கப்பலில் வந்ததுதான். உருளைக்கிழங்கு, சோப்பு, மாப்பிள்ளை, எதுவானாலும் 'மெயின்லேண்ட் மால்' என்றால்தான் மரியாதை. இங்கேயே செய்தது என்றால் முகம் சுளிப்பார்கள். நானே அப்படித்தான் இருந்தேன்.

சரி என்று லேபிள் வரைய உட்கார்ந்தேன். மெட்ராஸில் லேபிள் நெய்கிறவரிடம் பாயின் மச்சான் விசாரித்தார். கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்து அனுப்ப வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று பதில் வந்தது. நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி சுழித்துச் சுழித்து எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு வளைவு, பின்னால் ஒரு வால். கறுப்புத் தரையில் தங்க நிற எழுத்து. வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏ புள்ள, எழுத்துக்கு எதுக்கு இம்புட்டு வாலு? கொசு ஓட்டவா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? பெட்டியில அடிக்கிற எழுத்தா இது?"

"கட்டத்துல வளைவு நிக்காது. படிப் படியாத்தான் ஏறும். பாத்துக்க." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இரண்டு கப்பல் தள்ளி லேபிள் வந்தது. அவர் சொன்னபடியேதான். வளைவெல்லாம் படிக்கட்டாகி, வாலெல்லாம் ஒன்றோடொன்று சிக்கி, கருவாட்டுக் கட்டு மாதிரி இருந்தது. கிரீடம் கிரீடமாக இல்லை, கவிழ்த்துப்போட்ட பலாப்பழம். எனக்கு அழுகை வந்தது. பாய் மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், என்னமா மினுங்குது! இதை யாரு படிக்கப் போறா தங்கச்சி? மினுங்குனாப் போதும்" என்றார்.

மினுங்கியது. விற்றது. கப்பல் வந்த மறுநாள் ஊரே பஜாரில் திரளும், புது மால் பார்க்க. அந்தக் கூட்டத்தில் என் சட்டைகள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டன. வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தேன். வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வாலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல மனுஷன்.

வினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மெயின்லேண்ட் சட்டை என்று பெயராகிவிட்டதால், கப்பல் வந்தால்தான் அதற்கு மதிப்பு. கப்பல் போய் நாலு நாள் ஆகிவிட்டால், அலமாரியில் இருப்பதைப் பார்த்து "இது போன கப்பல் மால்தானே பாய்? புதுசு வரட்டும்" என்று போய்விடுவார்கள். முந்தின நாள் ராத்திரி நான் காஜா எடுத்த சட்டை அது! மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் என் சட்டையும் தாமதம். தைத்து முடித்த மூட்டையை வீட்டிலேயே கட்டி வைத்துவிட்டுக் கப்பல் சங்குக்காகக் காத்திருப்பேன். சங்கு ஊதியதும் மூட்டையை ஒரு பழைய பெட்டியில் அடைத்து, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து வருகிற மாதிரி கைவண்டியில் ஏற்றி, பாய் கடைக்கு அனுப்ப வேண்டும். ஹாடோவிலிருந்து அபர்தீனுக்கு நடந்தே போகலாம். அந்தத் தூரத்துக்கு நான் கடல் தாண்டி வருகிற நாடகம் ஆட வேண்டியிருந்தது. எரிச்சலான எரிச்சல் இல்லை.

தங்க எழுத்தும் தன் குணத்தைக் காட்டியது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. நாலு சலவைக்குள் தங்கம் பச்சையாகி, பச்சை கறுப்பாகி, கறுப்பு மேல் கறுப்பாக உட்கார்ந்துகொண்டது. ஜரிகை நூல் பிள்ளைகளின் பின்கழுத்தில் குத்தியது. எதிர்வரிசையில் ஒரு குழந்தை கழுத்தைச் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கியவர்களோ, மெயின்லேண்ட் சட்டை அப்படித்தான் குத்தும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் போனது பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணால். அகதிகளோடு கல்கத்தாவிலிருந்து வந்தவள், என்னைவிட மூத்தவள். தீதி என்று கூப்பிடுவேன். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது, இரண்டு பேரும் தீவு இந்தியில்தான் சண்டையும் போடுவோம் கதையும் பேசுவோம். ஒருநாள் தன் பையனின் புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். என் சட்டைதான். காலரைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தேகோ, மெயின்லேண்ட் கா சிலாயி! தும் பி ஐசா சீகோ" என்றாள். பார், மெயின்லேண்ட் தையல், நீயும் இந்த மாதிரி கற்றுக்கொள் என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். தினமும் என் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பாவம் இவள் ஜாக்கெட்டிலேயே காலம் தள்ளுகிறாளே என்று நினைத்திருக்கிறாள். நான் பாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, "அச்சா தீதி" என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் தட்டில் விழுந்த சோறு சத்தத்தோடு விழுந்தது. "யாரு மேல கோவம்?" என்றார். "என் மேலதான்" என்றேன். என் கையால் தைத்த சட்டையைக் காட்டி எனக்கே பாடம் எடுக்கிறாள் ஒருத்தி, அதற்குக் காரணம் நான் வரைந்த கிரீடம். வேறு யாரைத் திட்டுவது?

மறுநாளே பாய் கடைக்குப் போனேன். இனிமேல் அந்த லேபிளைத் தைக்க மாட்டேன், இந்த ஊர்ச் சட்டை என்று தெரிகிற மாதிரி ஒரு மார்க் போடப் போகிறேன் என்றேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓடுற குதிரைக்கு ஏன் தங்கச்சி காலை ஒடிக்கிறே?"

"குதிரை உங்களுது பாய். ஓடுறது நான்."

சிரித்துவிட்டார். சிரித்தாலும் வியாபாரி வியாபாரிதான். "ஒரு பீஸ் வெள்ளைத் துணி தாரேன். நாலு டஜன் சட்டை ஆகும். ஒன் மார்க்கைப் போடு. வர்ற கப்பல் ஒண்ணு, அதுக்கடுத்த கப்பல் ஒண்ணு. ரெண்டாவது கப்பல் கெளம்புறதுக்குள்ள விக்கலைன்னா மெட்ராஸ்ல இருந்தே ரெடிமேட் எறக்கிக்கிறேன். நீ ஜாக்கெட் தச்சுக்க. என்னாங்குறே?"

சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. தோற்றால் மறுபடியும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும். மார்க் என்ன போடுவது என்றும் எனக்குத் தெரியாது.

தமிழில் எழுதலாம் என்றால் படிக்கிறவர்கள் கொஞ்சம். வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் வரிசையிலேயே ஐந்தாறு பாஷை. பாதிப் பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. எல்லா பாஷையிலும் எழுதினால் அது சட்டை இல்லை, நோட்டீஸ். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் மில்லிலிருந்து ஒரு பழைய தகட்டைக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் குழாயடியில் காயவைத்திருந்தார். எங்கள் துறைமுகத்தின் அடையாளம், போர்ட் பிளேரைக் குறிக்கிற பி.பி., அதாவது P, B என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து வெட்டிய தகடு. தண்ணீர் பிடிக்க வந்த தீதி அதைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஏ தோ ஹமாரா ஹை" என்றாள். இது எங்களுடையது.

எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவள் அவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். மூடியில், மங்கலாக, அதே இரண்டு எழுத்து. கல்கத்தா ஜெட்டியில் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று ஒருவர் அந்த எழுத்தைக் காட்டி, இந்த மார்க் போட்ட பெட்டி எங்கே போகிறதோ அங்கேயே நீயும் போ என்று சொன்னாராம். இவள் வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். விரலால் தடவிக் காட்டினாள்: இதற்கு ஒரு தொப்பை, அதற்கு இரண்டு தொப்பை.

நான் அந்த வரிசையில் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லார் வீட்டிலும் அந்த எழுத்து அடித்த பெட்டி ஒன்றாவது இருந்தது. எல்லாருக்கும் அந்த இரண்டு தொப்பைக்காரர்களைத் தெரிந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் குழாயடியில் வைத்த குடத்தை மறந்து, அது நிரம்பி வழிந்து, அதற்கு வேறு நாலு பேரிடம் திட்டு வாங்கினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிஸ்கட் டின்னை வெட்டி, விரல் அகலத்துக்குச் சின்னத் தகடு செய்து கொடுத்தார். எழுத்து தடியாக, நேராக, நடு நடுவே வெட்டு விழுந்து இருந்தது. எனக்கு அந்த வெட்டு பிடிக்கவில்லை.

"உடைஞ்ச எழுத்து மாதிரி இருக்கு. சேத்து விடுங்க."

"சேத்தா தொப்பைக்கு நடுவுல இருக்குற தகரம் கழண்டு விழுந்துரும் புள்ள. அப்புறம் தொப்பை இருக்காது, ஓட்டைதான் இருக்கும்."

"துணியிலதான் நூல் போடப் போறேன்ல? அங்க சேத்துக்கறேன்."

"சேத்துக்க. அப்புறம் அது பெட்டியில இருக்குற எழுத்தா இருக்காது. ஒன் தீதிக்குத் தெரியாது." சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிடப் போய்விட்டார். இந்த முறை நான் கேட்டுக்கொண்டேன். வெட்டு அப்படியே இருந்தது.

அடுத்தது நிறம். கறுப்பு என்றால் பெட்டி ஞாபகம்தான் வரும், சட்டை ஞாபகம் வராது. பாய் விடாமல் தங்கம், தங்கம் என்றார். வாயை மூடுங்கள் என்று சொல்ல முடியாது, பெரியவர், அதனால் "பாக்கலாம் பாய்" என்றேன். எனக்குச் சிவப்பு மேல் ஆசை. வெள்ளைச் சட்டையில் சிவப்பு என்றால் சாயம் போனால் கதை முடிந்தது. நாலு விதச் சிவப்பு நூலை வாங்கி, வெள்ளைத் துண்டுகளில் தைத்து, சலவைச் சோடாவோடு ஒரு பானையில் கொதிக்கவிட்டேன். மூன்று துண்டுகள் ரோஸ் கலராகி வந்தன. ஒன்று மட்டும் சுத்தமாக நின்றது. பளிச்சென்ற சிவப்பு இல்லை அது, கொஞ்சம் மரநிறம் கலந்த சிவப்பு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"படாக் மரத்தை அறுத்த ஒடனே இந்த நெறந்தான் இருக்கும்" என்றார். சாத்தம் பக்கம் போன யாருக்கும் தெரிந்த நிறம். அந்த மரத்தூள்தான் எங்கள் எல்லார் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அப்புறம் எனக்கு வேறு சிவப்பு பிடிக்கவில்லை.

தகட்டை வைத்துத் துணி நீலத்தால் தொட்டு அடையாளம் போட்டு, அதன் மேல் சிவப்பு நூலை நெருக்கமாக ஓட்டினேன். முதல் அலசலில் நீலம் போய்விடும், எழுத்து நிற்கும். காலருக்குள் வைக்கவில்லை. குத்துகிற சமாச்சாரமே வேண்டாம் என்று பாக்கெட்டின் மேல், எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டேன். நாற்பத்தெட்டு பாக்கெட்! கடைசி டஜனில் கண்ணை மூடினாலும் தொப்பையே தெரிந்தது. பெட்டியும் இல்லை, நாடகமும் இல்லை. வெறும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஜாருக்கு நடந்தேன்.

தீதிக்கு அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். "சாலாக்! கெட்டிக்காரக் கள்ளி, என்னிடமே மறைத்தாயா?" என்று இந்தியில் ஒரு மூச்சு திட்டிவிட்டு, பையனுக்கு இரண்டு சட்டை வாங்கிக்கொண்டாள். எங்கள் வரிசையில் இன்னும் சிலர் வாங்கினார்கள். பிள்ளைகள் அதைத் தொப்பைச் சட்டை என்றார்கள். அத்தோடு நின்றது. முதல் கப்பல் வந்தது, போனது. பஜாருக்கு வந்தவர்கள் கிரீடச் சட்டையைக் கேட்டார்கள். என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "லோக்கலா?" என்று வைத்துவிட்டார்கள். மூன்று டஜன் அப்படியே இருந்தது. பாய் தினமும் அதைத் தூசி தட்டி வைத்தார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இரண்டாவது கப்பலும் வந்து, மறுநாள் மெட்ராஸுக்குக் கிளம்ப இருந்தது. மிச்சச் சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பையோடு கடைக்குப் போனேன். போகும்போதே மனசுக்குள் ஜாக்கெட் அளவு ஓடியது. கடையில் ஒருவர் நின்றிருந்தார். சர்க்கார் குமாஸ்தா, லீவில் ஊருக்குப் போகிறவர். பேச்சில் திருநெல்வேலி மணத்தது. அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை வேண்டும் என்றார். பாய் முந்தின நாள் கப்பலில் மாதிரிக்கு வரவழைத்திருந்த ரெடிமேட் சட்டைகளை விரித்துப் போட்டார்.

"மெயின்லேண்ட் சட்டையை மெயின்லேண்டுக்கே தூக்கிட்டுப் போவனாக்கும்? நல்லாச் சொன்னேரு போங்க" என்றார் குமாஸ்தா. "நம்ம ஊரு சட்டை ஒண்ணு இருக்கில்லா, பைல பி.பி. போட்டு? அதை எடுத்துப் போடும்."

பாய் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே கேட்டார். "நம்ம ஊருன்னா எந்த ஊரு அண்ணாச்சி? திருநெல்வேலியா?"

"என்ன பாய், வெளயாடுதேரா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்த ஊருதான். வந்து பன்னெண்டு வருசமாச்சு. அங்க போனா, நீ எங்கல கெடந்து சாவுதேன்னு கேக்கான். இந்தச் சட்டையைப் புள்ளைய போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்கட்டும், பாக்கட்டும்."

நான் கையில் இருந்த காலிப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்துச் சட்டை கேட்டார். தன் ஆபீஸில் லீவில் கிளம்புகிற இன்னும் இரண்டு பேர் சாயங்காலம் வருவார்கள் என்றும் சொன்னார். பாய் எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அதில் பெரிய அளவுச் சட்டை ஒன்று குறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மூத்தவனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன். கேட்ட விதம் அதட்டல் மாதிரி இருந்திருக்க வேண்டும், அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பன்னெண்டு. நீங்க யாரும்மா?"

"நான்தான் தச்சேன்."

அந்த ஊரில், ஒரு கடையில், சத்தமாக, முதல் தடவையாகச் சொன்னேன். அவர் ஒரு சட்டையை எடுத்துப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பன்னிரண்டு வயசுக்கு இது தோளில் நிற்காது, கப்பல் நாளைக்குத்தானே, காலையில் ஒன்று தைத்து ஜெட்டிக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாயிடம் துணியைக் கிழித்து வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன். மெட்ராஸ் ரெடிமேட் இறக்குகிற பேச்சைப் பாய் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அன்றைக்கு நான் கடை வாசலில் நின்று அழுதேன் என்று பாய் ரொம்ப நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் இல்லை, வாசலில் நான் அழவில்லை. ஹாடோ மேடு ஏறுகிற வரைக்கும் அடக்கி வைத்திருந்தேன்.